ஃபுல்ஸ்கிரீன் போட்டாலும் பேனல் போவ மாட்டுக்கு: லினக்ஸ்ல இருந்து ரிமோட் டெஸ்க்டாப் பாக்கவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

பாளையங்கோட்டையில சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். ஆடிட்டர் ஆபீஸ், அரிசி மண்டி, டவுன்ல ரெண்டு பாத்திரக்கடைன்னு நம்ம பார்ட்டிங்க எல்லாருக்கும் ஒரே செட்டப்பு தான், விண்டோஸ் சர்வர் ஒண்ணுல டேலி கணக்கு சாஃப்ட்வேர் ஓடும், மத்த பழைய சிஸ்டத்துல எல்லாம் லினக்ஸ ஏத்திட்டு அங்கேருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியா சர்வருக்குள்ள போய் வேலை பாப்பாங்க. (சர்வர்ல ஆளுக்கு ஒரு ரிமோட் லைசென்ஸ் வாங்கணும், அதைக் கேட்டா மட்டும் எல்லாருக்கும் சிக்னல் கட்டாயிரும்.) போன்ல வர்ற புகார்ல பாதி இந்த ஃபுல்ஸ்கிரீன் பஞ்சாயத்து தான், ஒரே பதிலை எத்தனை வாட்டி சொல்ல, அதான் எழுதிப் போட்டுட்டேன். கமாண்ட் பேரெல்லாம் தமிழ்லயே எழுதியிருக்கேன், டெர்மினல்ல அடிக்கையில இங்கிலீஷ்ல அடிச்சுக்கிடுங்க.

கே: அண்ணாச்சி, ஃபுல்ஸ்கிரீன்னு தான் குடுத்தேன், கீழ பேனல் (விண்டோஸ்ல டாஸ்க்பார்னு சொல்லுவோம்லா, அது) அப்படியே நிக்கி. ஏன்?

மத்த பாதிக் கேள்விக்கு பதில் இதுக்குள்ளயே இருக்கு, அதனால கொஞ்சம் நீட்டி சொல்லுதேன். லினக்ஸ்ல, அதாவது ஸ்கிரீன்ல விண்டோவெல்லாம் காட்டுற எக்ஸ்11ங்கிற ஏற்பாட்டுல, ஒரு விண்டோ தன்னிஷ்டத்துக்கு ஃபுல்ஸ்கிரீன் ஆயிர முடியாது. ரிமோட் சாஃப்ட்வேர் "என்னை ஃபுல்ஸ்கிரீன் ஆக்கு"ன்னு விண்டோ மேனேஜர்ட்ட ஒரு மெசேஜ் அனுப்பும், மேனேஜர் தான் மேல உள்ள டைட்டில் பாரைக் கழட்டி, பேனலுக்கு மேல தூக்கி வச்சு, மானிட்டர் அளவுக்கு இழுத்து விடும். இந்தக் கேக்குற முறைக்கு இடபிள்யூஎம்ஹெச்னு பொதுவா ஒரு விதி இருக்கு, ரெண்டு பேரும் அதைப் படிச்சிருந்தா சண்டையே கிடையாது.

பழைய சாஃப்ட்வேர் சிலது அதைக் கேக்காது. ஸ்கிரீன் 1366க்கு 768ஆ, சரி நானும் அதே அளவுக்கு ஒரு விண்டோவைத் திறந்துக்கிடுதேன்னு திறந்துரும். மேனேஜர் பார்வையில அது சாதா விண்டோ தான், கொஞ்சம் பெருசு அவ்வளவுதான். பேனலோ, பஸ்ல துண்டு போட்டு எடம் பிடிச்ச மாதிரி, "கீழ இத்தனை பிக்சல் எனக்கு"ன்னு முன்னமே மேனேஜர்ட்ட சொல்லி வச்சிருக்கு. அப்போ சாதா விண்டோ துண்டு மேல உக்கார முடியுமா? அதான் டேலியோட கடைசி ரெண்டு வரி பேனலுக்கு அடியில போயிருது.

இன்னொரு ரகம் உண்டு, மேனேஜர்ட்ட கேக்கவே கேக்காம, "என் விண்டோவை நீ தொடாத"ன்னு ஓவர்ரைட் ரீடைரக்ட்னு ஒரு கொடிய தூக்கிட்டு நேரா ஸ்கிரீனை மூடிரும். ஸ்கிரீன் முழுசா மூடும், பேனலும் தெரியாது, ஆனா மேனேஜர் கணக்குலயே அது இல்லாததால கீபோர்டு ஃபோகஸ் அதுக்கு வராது, ஆல்ட் டேப்லயும் வராது. கூப்பிடாத கல்யாணத்துல பந்தியில உக்காந்த கதை தான், எலை இருக்கும், பரிமாற ஒருத்தனும் வர மாட்டான்.

கே: சரி, என் சிஸ்டத்துல எந்த ரகம்னு எப்படி தெரிஞ்சுக்கிட?

டெர்மினல்ல எக்ஸ்ப்ராப்னு அடிங்க, மவுஸ் பிளஸ் குறி மாதிரி ஆவும், அதை வச்சு அந்த ரிமோட் விண்டோ மேல ஒரு கிளிக். ஒரு பாட்டம் வரி கொட்டும், அதுல நெட் டபிள்யூஎம் ஸ்டேட்ங்கிற வரில ஃபுல்ஸ்கிரீன்னு இருக்கான்னு மட்டும் பாருங்க. இருந்தும் பேனல் தெரியுதுன்னா கோளாறு மேனேஜர்ட்ட இல்ல பேனல்ட்ட. அது இல்லைன்னா சாஃப்ட்வேர் கேக்கவே இல்லை, இல்ல கேட்டும் மேனேஜர் கவனிக்கலைன்னு அர்த்தம்.

கேக்காத சாஃப்ட்வேருக்கு நாமளே வெளியேருந்து பண்ணி விடலாம். உங்க லினக்ஸ் டெஸ்க்டாப் எதுவோ அதுக்குத் தக்கன கீ மாறும்: எக்ஸ்எஃப்சிஇல ஆல்ட் எஃப்11, ஐ3ல மாட் கீயோட (ஐ3க்குன்னு வச்ச ஆல்ட் இல்ல விண்டோஸ் கீ) எஃப், கேடிஇல ஆல்ட் எஃப்3 அடிச்சு வர்ற மெனுவுல மோர் ஆக்‌ஷன்ஸுக்குள்ள ஃபுல்ஸ்கிரீன். க்னோம்ல இதுக்கு கீ எதுவும் போட்டு வைக்கல, கீபோர்டு செட்டிங்ஸ்ல போய் நாமளா ஒண்ணு வச்சுக்கிடணும். டபிள்யூஎம்சிடிஆர்எல்னு ஒரு சின்ன கமாண்டும் இருக்கு, அதை ஒரு ஸ்கிரிப்ட்ல போட்டுட்டா ஆபீஸ்ல உள்ளவங்க ஒண்ணும் அமுக்க வேண்டாம், ஐகானைத் தட்டுனா கனெக்ட் ஆயி தானா விரிஞ்சிரும்.

கே: ஃபுல்ஸ்கிரீன் ஆவுது, ஆனா நடுவுல பெட்டி மாதிரி தெரியுது, சுத்தி கருப்பு. இல்லைன்னா எழுத்து மங்கலா இருக்கு.

விண்டோ பெருசாயிருச்சு, உள்ள உள்ள படம் பெருசாகல. ஆர்டிபில (விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் பேசுற பாஷை அது) சர்வர் ஸ்கிரீன் எத்தனைக்கு எத்தனைன்னு கனெக்ட் ஆகும்போதே பேசி முடிச்சிருவாங்க. 1024க்கு 768னு பேசிட்டு உள்ள போயிட்டு பொறவு விண்டோவை இழுத்தா மிச்ச எடம் கருப்பா தான் நிக்கும். ரெம்மினாங்கிற ரிமோட் சாஃப்ட்வேர்ல கனெக்‌ஷன் செட்டிங்ஸ்ல "ஆரம்ப விண்டோ அளவு"ன்னு இருக்கதை மாத்தி "கிளையண்ட் ரெசல்யூஷன்"னு வைங்க, பாதி பேருக்கு அதோட முடிஞ்சிரும்.

எக்ஸ்ஃப்ரீஆர்டிபின்னு டெர்மினல்ல இருந்து ஓட்டுற இன்னொரு ரிமோட் சாஃப்ட்வேர், அதுல ரெண்டு ஆப்ஷன் இருக்கு. டைனமிக் ரெசல்யூஷன்னு குடுத்தா விண்டோ அளவு மாற மாற சர்வரே தன்னோட ஸ்கிரீனை மாத்திக்கிடும், எழுத்து பளிச்சுன்னு இருக்கும், ஆனா சர்வர் விண்டோஸ் 8.1 இல்ல சர்வர் 2012 ஆர்2, அதுக்கு மேல இருக்கணும். ஸ்மார்ட் சைஸிங்னு குடுத்தா சர்வருக்கு ஒண்ணும் தெரியாது, இங்க வந்த படத்தை இங்கயே இழுத்து விரிக்கும், அதான் மங்கல். ரெண்டையும் சேத்து குடுத்தா ஒத்துக்காது, ஒண்ணு தான். சர்வர் புதுசுன்னா டைனமிக், பழசுன்னா அளவைக் கையால சரியா குடுத்துட்டு ரெண்டையும் விட்டுருங்க, ஸ்மார்ட் சைஸிங்ல நாள் முழுக்க நம்பர் பாத்தா கண்ணு போயிரும்.

வெளியேருந்து ஆல்ட் எஃப்11 அடிச்சு விரிச்சவங்களும் டைனமிக் போட்டுக்கிடுங்க, இல்லைன்னா பேனல் போயி கருப்பு வந்த கதையாயிரும். பேனல் இருந்துட்டுப் போட்டும், மிச்ச எடத்துல ஒழுங்கா நின்னா போதும்னு நினைக்கவங்களுக்கு ஒர்க்ஏரியான்னு ஒரு ஆப்ஷன் உண்டு, பேனலைக் கழிச்சு மிச்சத்தை மட்டும் எடுத்துக்கிடும். வயசான கணக்கப்பிள்ளைங்களுக்கு நான் இதைத்தான் போட்டுக் குடுக்கேன், மணி எத்தனைன்னு பேனல்ல பாத்துக்கிடுவாங்க.

கே: டேலில ஆல்ட் எஃப்2 அடிச்சா வேற என்னமோ பெட்டி வருது!

இது நான் கண்ணால பாத்தது. ஒரு ஆடிட்டர் ஆபீஸ், மார்ச் கடைசி, ஒருத்தரோடயும் பேச முடியாத நேரம். அங்க வேலை பாக்குற அக்காவுக்கு அன்னைக்கு தான் லினக்ஸ் சிஸ்டம் குடுத்திருக்கு. டேலில பீரியட் மாத்த ஆல்ட் எஃப்2 அடிச்சாங்க, நடுவுல ஒரு சின்னப் பெட்டி வந்துச்சு, அவங்க ஸ்கிரீனை எங்க பாக்க, பில்லை பாத்துக்கிட்டே 1-4-ன்னு தேதிய அடிச்சு என்டர தட்டிட்டாங்க. "அப்படி ஒரு புரோகிராம் கிடையாது"ன்னு வருது. மறுபடி ஆல்ட் எஃப்2, மறுபடி தேதி, மறுபடி அதே. மூணாவது வாட்டி "தம்பி, உங்க டேலிக்கு கோட்டி பிடிச்சிருச்சு"ன்னு கூப்பிட்டுட்டாங்க. டேலி பாவம், அதுக்கு அந்தக் கீ வந்து சேரவே இல்லை.

என்ன நடக்குதுன்னா, ஆல்ட் எஃப்2 லினக்ஸ் டெஸ்க்டாப் அநேகத்துல "ரன்" பெட்டிக்கான கீ. மேனேஜர் சிஸ்டம் ஸ்டார்ட் ஆகையிலயே எக்ஸ் சர்வர்ட்ட (எக்ஸ்11 தான், விண்டோஸ் சர்வர் இல்ல) "இந்தக் கீய எவன் அமுக்கினாலும் என்கிட்ட குடு"ன்னு எழுதி வாங்கிரும். ஃபுல்ஸ்கிரீன் ஆயிட்டதால அது மாறாது. ஃபுல்ஸ்கிரீன்ங்கிறது கண்ணுக்கு மட்டும் தான், கீபோர்டு தனிக் கணக்கு, இதை நல்லா மனசுல வைங்க. கீபோர்டு முழுசும் வேணும்னா ரிமோட் சாஃப்ட்வேர் கிராப்னு ஒண்ணு பண்ணணும், கிராப் கிடைச்சிருச்சுன்னா மேனேஜர் எழுதி வாங்கினது எதுவும் செல்லாது, எல்லாக் கீயும் ரிமோட்டுக்கே போவும். எக்ஸ்ஃப்ரீஆர்டிபில இது சும்மாவே ஆன்ல தான் இருக்கும், ரெம்மினாவுல டூல்பார்ல கீபோர்டு கிராப் பட்டன் இருக்கு, அதை அமுக்கி வைக்கணும்.

ஆல்ட் எஃப்2 மட்டும் இல்ல. எக்ஸ்எஃப்சிஇல ஆல்ட் எஃப்1 அப்ளிகேஷன்ஸ் மெனு, ஆல்ட் எஃப்3 புரோகிராம் தேடுறது, டேலில ஆல்ட் எஃப்3 கம்பெனிக்குள்ள சமாச்சாரம். கண்ட்ரோலோட எஃப்1ல இருந்து எஃப்12 வரை அடிச்சா எக்ஸ்எஃப்சிஇ வேற ஒர்க்ஸ்பேஸுக்கு தாவப் பாக்கும், பழைய டேலில கண்ட்ரோல் எஃப்8 தான் கிரெடிட் நோட், எட்டாவது ஒர்க்ஸ்பேஸே இல்லாத சிஸ்டத்துல அமுக்கினா ஒண்ணுமே நடக்காது, கீபோர்டு போச்சுன்னு புதுசு வாங்கிட்டு வந்த ஆளு ஒருத்தர் உண்டு. டேலிக்குன்னே வச்ச சிஸ்டம்னா கிராப்பை நம்பிக்கிட்டு இருக்காம, செட்டிங்ஸ்ல விண்டோ மேனேஜர் கீபோர்டு டேப்லயும் கீபோர்டு ஷார்ட்கட் லிஸ்ட்லயும் போய் இந்தக் கீ எல்லாத்தையும் அழிச்சுருங்க. பத்து நிமிச வேலை. நான் இப்போ எந்த சிஸ்டம் குடுத்தாலும் மொத வேலை அதான்.

கே: கிராப் பட்டனை அமுக்கித்தான் வச்சிருக்கேன், ஆனாலும் ஆல்ட் டேப் இங்கன தான் மாறுது.

லாகின் ஸ்கிரீன்ல பல்சக்கரம் மாதிரி ஒரு குறி இருக்கும், வேலாண்ட்ல (எக்ஸ்11க்குப் பதிலா வந்த புது ஏற்பாடு) போறீங்களா எக்ஸ்11லயான்னு பாருங்க. வேலாண்ட்ல ஒரு சாஃப்ட்வேர் தன்னிச்சையா கீபோர்டைப் பிடிச்சு வச்சுக்கிட முடியாது, பாதுகாப்புக்காக வேணும்னே அப்படி செஞ்சிருக்காங்க, இல்லைன்னா எவன் வேணாலும் பாஸ்வேர்டை ஒட்டுக்கேக்கலாம்லா. ஷார்ட்கட் எல்லாம் எனக்கு விட்டுத் தாங்கன்னு அனுமதி கேக்கணும், க்னோம்னா உங்ககிட்ட ஒரு பெட்டி போட்டு கேக்கும். நம்ம ஆளுங்க பெட்டி வந்தா படிக்கதே கிடையாது, மறுப்பு பட்டனை அமுக்கிட்டு பொறவு எனக்கு போன். க்னோம் செட்டிங்ஸ்ல அந்த ஆப் பேருக்குள்ள போனா மறுபடி மாத்திக்கிடலாம். அனுமதி குடுத்த பொறவு கீயைத் திருப்பி வாங்க சூப்பர் கீயும் (விண்டோஸ் கீ தான்) எஸ்கேப்பும்.

அந்த முறையில அனுமதி கேக்கத் தெரியாத எக்ஸ்11 சாஃப்ட்வேரை வேலாண்டுக்குள்ள ஓட்டுனா, எக்ஸ்வேலாண்ட்னு ஒரு இடைத்தரகர் வழியா தான் ஓடும், அங்க கிராப் கிடைச்ச மாதிரி அது நினைச்சுக்கிடும், நெசத்துல கிடைச்சிருக்காது. ஆபீஸ் சிஸ்டம்னா வம்பே வேண்டாம், எக்ஸ்11 செஷனோ எக்ஸ்எஃப்சிஇயோ கிடைக்க வரைக்கும் அதுலயே ஓட்டுங்க.

கே: உள்ள போயிட்டேன், வெளிய வர முடியல. சிஸ்டத்தை ஆஃப் பண்ணிரவா?

பொறுங்க, பைய. பவர் பட்டன் கிட்ட போவாதீங்க. எக்ஸ்ஃப்ரீஆர்டிபின்னா கண்ட்ரோல் ஆல்ட் என்டர், பழைய ஆர்டெஸ்க்டாப்லயும் அதே தான். ரெம்மினாவுல வலது பக்க கண்ட்ரோலை அமுக்கிக்கிட்டு எஃப். இப்போ வர்ற சின்ன லேப்டாப் சிலதுல வலது கண்ட்ரோலே கிடையாது, அவங்க ரெம்மினா பிரிஃபரன்ஸ்ல ஹோஸ்ட் கீயை முதல்லயே மாத்தி வச்சிருங்க. ஆர்டிபி இல்லாம விஎன்சின்னு வேற முறையில பாக்குற டைகர்விஎன்சின்னா பெரும்பாலான வெர்ஷன்ல எஃப்8 அடிச்சா மெனு வரும்.

ஒண்ணுக்கும் அசையலைன்னா கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3. கருப்பா ஒரு லாகின் ஸ்கிரீன் வரும், பயப்பட வேண்டாம், எக்ஸ்11ல எவன் கீபோர்டை கிராப் பண்ணி வச்சிருந்தாலும் இந்தக் கீயை எக்ஸ் சர்வர் யாருக்கும் விட்டுக் குடுக்காது. அங்க யூசர் பேரு பாஸ்வேர்டு போட்டு உள்ள போயி, பிகேஐஎல்எல்னு (பி-கில்) அடிச்சு ஒரு எடம் விட்டு சாஃப்ட்வேர் பேரைக் குடுத்தா அது செத்துரும். திரும்ப கண்ட்ரோல் ஆல்ட்டோட எஃப்1, எஃப்2, எஃப்7ன்னு ஒவ்வொண்ணா அமுக்கிப் பாருங்க, ஒண்ணுல உங்க டெஸ்க்டாப் இருக்கும். ரிமோட்ல திறந்து வச்ச டேலி அங்க சர்வர்லயே தான் நிக்கும், மறுபடி கனெக்ட் பண்ணினா விட்ட எடத்துல இருந்து பாக்கலாம். சர்வர்ல செஷனை உடனே முடிச்சுரணும்னு யாரும் செட் பண்ணி வச்சிருந்தா தான் போவும்.

கே: ரெண்டு மானிட்டர் வாங்கியிருக்கேன், ரெண்டுலயும் சேர்த்து விரிக்கணும்.

எக்ஸ்11ல ரெண்டு மானிட்டரும் சேந்து ஒரே பெரிய ஸ்கிரீன் தான், 1920 ரெண்டு இருந்தா 3840க்கு 1080. சாஃப்ட்வேர் மொத்த அளவைப் பாத்து 3840ன்னு சர்வர்ட்ட சொல்லிரும், மேனேஜர் ஃபுல்ஸ்கிரீன்னா ஒரு மானிட்டர்னு ஒரு பக்கம் மட்டும் வைக்கும், கடைசில சர்வர் ஸ்கிரீன்ல பாதி காணாமப் போயிரும். இதுக்கு எக்ஸ்ஃப்ரீஆர்டிபில மல்டிமான்னு குடுக்கணும். அது எந்த மானிட்டர்ல இருந்து எந்த மானிட்டர் வரைக்கும் வேணும்னு மேனேஜர்ட்ட தனியா சொல்லும், அந்தப் பாஷை தெரிஞ்ச மேனேஜரா இருந்தா விரிக்கும், தெரியாட்டா ஒண்ணோட நின்னுக்கிடும். ஐ3க்காரங்களுக்கு ஃபுல்ஸ்கிரீன் டாகிள் குளோபல்னு ஒரு கமாண்ட் இருக்கு, அது எல்லா மானிட்டர்லயும் இழுத்து விட்டுரும். வேலாண்ட்ல ஒரே விண்டோவை ரெண்டு மானிட்டர்ல ஃபுல்ஸ்கிரீன் ஆக்குற வழி பொது விதியில கிடையாது, மானிட்டருக்கு ஒரு விண்டோன்னு தான் போகணும்.

என் கருத்தைக் கேட்டா, ஒண்ணுல ரிமோட், இன்னொண்ணுல மெயிலும் வாட்சப்பும். மானிட்டர்ஸ்ங்கிற ஆப்ஷன்ல நம்பரைக் குடுத்து ஒண்ணோட நிறுத்திக்கிடுங்க.

கே: நான் எக்ஸ்மோனாட் யூஸ் பண்ணுதேன், ஃபுல்ஸ்கிரீனே ஆவ மாட்டுக்கு.

காலேஜ் தம்பியா? எக்ஸ்மோனாட்ங்கிற விண்டோ மேனேஜர் தானா அந்த மெசேஜைக் கவனிக்காது, கான்ஃபிக்ல இடபிள்யூஎம்ஹெச்சையும், 0.17ல வந்த இடபிள்யூஎம்ஹெச் ஃபுல்ஸ்கிரீனையும் ரெண்டையும் சேக்கணும். முதலாவதை மட்டும் சேத்துட்டு "போட்டுட்டேனே அண்ணே"ன்னு வருவாங்க. ஐ3ல வேற மாதிரி தொல்லை, ஃபுல்ஸ்கிரீன்ல இருக்கையில பாஸ்வேர்டு கேக்குற பெட்டி வந்தா அதை என்ன செய்யன்னு பாப்அப் டியூரிங் ஃபுல்ஸ்கிரீன்ங்கிற செட்டிங் தான் முடிவு பண்ணும். அதை இக்னோர்னு வச்சிருந்தா பெட்டி பின்னாடி ஒளிஞ்சுக்கிடும், நீங்க ஹேங் ஆயிருச்சுன்னு நினைச்சுக்கிடுவீங்க. ஸ்மார்ட்னு விட்டுருங்க.

கே: விஎன்சிலயும் இதே கதை தானா?

பேனல் கதை அதே தான். அளவு கதை வேற, அங்க ஸ்கிரீன் சர்வர் வச்சது. எதிர்ல நெசமான மானிட்டரை அப்படியே காட்டுற விஎன்சின்னா இங்கேருந்து அளவை மாத்துறது பெரும்பாலும் நடக்காது, ஸ்கேல் பண்ணிப் பாக்கணும் இல்ல ஸ்க்ரோல் பண்ணணும். தனியா ஒரு ஸ்கிரீன் உருவாக்கிக் குடுக்குற டைகர்விஎன்சி சர்வர்னா விண்டோவுக்குத் தக்கன மாறும்.

கே: மவுஸை மேல கொண்டு போனா ஒரு பட்டை எறங்கி டேலி மெனுவை மறைக்கி.

அது ரிமோட் சாஃப்ட்வேரோட டூல்பார். புது டேலில கம்பெனி, டேட்டா மெனு எல்லாம் சரியா அந்த உச்சில தான இருக்கு. எக்ஸ்ஃப்ரீஆர்டிபில ஃப்ளோட்பார்னு குடுத்தா தான் வரும், குடுக்காதீங்க. ரெம்மினா பிரிஃபரன்ஸ்ல ஒளிச்சு வைக்க வழி இருக்கு. ஒளிக்கதுக்கு முன்ன வெளிய வர்ற கீ என்னன்னு மானிட்டர் ஓரத்துல ஒரு சீட்டு எழுதி ஒட்டிருங்க, நெசமா சொல்லுதேன்.

கே: சாப்பிடப் போயிட்டு வந்தா ஸ்கிரீன் லாக் ஆகாம அப்படியே திறந்து கெடக்கு.

இதை லேசா எடுத்துக்கிடாதீங்க, பார்ட்டியோட கணக்கெல்லாம் உள்ள இருக்கு. எக்ஸ்11ல லாக் ஸ்கிரீனும் கீபோர்டை கிராப் பண்ணித்தான் பூட்டும். ரிமோட் சாஃப்ட்வேர் ஏற்கெனவே கிராப் பண்ணி வச்சிருந்தா லாக் போட வந்தது முயற்சி பண்ணிப் பாத்துட்டு தோத்துப் போயிரும், சத்தமே இருக்காது. எந்திரிக்கையில ஃபுல்ஸ்கிரீன்ல இருந்து வெளிய வந்து கையால லாக் பண்ணுங்க, கூடவே சர்வர் பக்கம் விண்டோஸ்லயும் அஞ்சு நிமிசத்துல லாக் ஆகுத மாதிரி வச்சிருங்க. நான் ரெண்டாவதை நம்புவேன், மொதல்ல சொன்னதை ஒருத்தரும் செய்ய மாட்டாங்க.

கே: கரண்ட் போயிட்டு வந்தா விண்டோ சுருங்கி ஒரு மூலையில கெடக்கு.

சிபியு யுபிஎஸ்ல ஓடும், மானிட்டரை நேரா பிளக்ல சொருகியிருப்பீங்க. மானிட்டர் அணைஞ்சதும், டிஸ்ப்ளேபோர்ட்னா முக்கியமா, மானிட்டரையே புடுங்கிட்டாங்கன்னு சிஸ்டம் நினைச்சுக்கிடும், விண்டோ எல்லாம் எடம் மாறிரும், திரும்ப வரையில பழைய அளவு ஞாபகம் இருக்காது. மானிட்டரையும் யுபிஎஸ்ல போடுங்க. மோடமும் அணைஞ்சிருந்தா கனெக்‌ஷனும் போயிருக்கும், அதுக்கு ஆட்டோ ரீகனெக்ட்னு ஒரு ஆப்ஷன் சேத்துக்கிடுங்க.

கே: ரிமோட்டுக்குள்ள தமிழ்ல டைப் பண்ணினா கண்டதும் வருது.

லினக்ஸ்லயும் தமிழ் ஆன்ல இருக்கு, விண்டோஸ்லயும் ஆன்ல இருக்கு, ரெண்டும் சேந்து அரைச்சா அப்படித்தான் வரும். ஆர்டிபி பொதுவா எழுத்தை அனுப்புறதில்ல, எந்த எடத்துக் கட்டையை அமுக்கினீங்கன்னு தான் அனுப்பும், அதை எழுத்தா மாத்துறது அங்க உள்ள விண்டோஸ். அதனால லினக்ஸ் பக்கம் இங்கிலீஷ்லயே விட்டுட்டு, தமிழ்99ஓ வேற எதுவோ விண்டோஸ் பக்கம் மட்டும் போட்டுக்கிடுங்க. மாத்துற கீ ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா லினக்ஸ்ல அதை எடுத்துருங்க, இல்லைன்னா ஆல்ட் எஃப்2 கதை தான் மறுபடியும்.